ஒரு ரூபாய் இட்லிக்கும் விமர்சனம் உண்டு

சென்ற வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, மதியம், இரவு என்று மூன்று வேளையும் ஒரே இடத்தில் சாப்பிட்டேன். காலையில் 4 இட்லிக்கு 4 ரூபாய், ஒரு பொங்கலுக்கு 5 ரூபாய். மதியம் சாம்பார் சாதத்துக்கு 5, தயிர் சாதத்துக்கு 3. இரவு 4 சப்பாத்திக்கு 6. மூன்று வேளைக்கும் சேர்த்து 23 ரூபாய் ஆயிற்று. மறுநாள் உறவுக்காரர் ஒருவரை வழியனுப்பப் போனபோது ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கும் ஓர் ஓட்டலில் இரண்டு இட்லியும் ஒரு வடையும் காபியும் சாப்பிட்டுவிட்டு நான் கொடுத்த தொகையில், அந்தச் செவ்வாய்க்கிழமையைப் போல ஐந்து நாளுக்கு மேல் ஓட்டியிருக்கலாம்.

நான் சாப்பிட்ட இடம் சென்னையில் உள்ள அம்மா உணவகங்களில் ஒன்று. எந்தத் தெரு, எந்த வார்டு என்று எழுதப்போவதில்லை, ஏனென்றால் இதில் உள்ள நான்கு குறைகளை யாராவது படித்துவிட்டு, அடுப்படியில் நிற்கிற பெண்களிடம் விளக்கம் கேட்டு நோட்டீஸ் கொடுத்துவிடக்கூடும் என்ற பயம் எனக்கு உண்டு. 2011 அக்டோபர் முதல் 2016 அக்டோபர் வரை இந்த மாநகராட்சியின் மாமன்றத்தில் உறுப்பினராக இருந்தவள் நான். குறை சொன்னால் அது எந்த வழியாக இறங்கி யார் தலையில் வந்து விழும் என்பது எனக்குத் தெரியும். இப்போது எந்தப் பொறுப்பிலும் இல்லை. மாலை வேளைகளில் எங்கள் மளிகைக் கடையின் கல்லாவில் உட்காருகிறேன். எந்தக் கட்சியில் இருந்தேன் என்பது இந்த உணவகத்தின் சாம்பாருக்குத் தொடர்பில்லாதது என்பதால் அதையும் விட்டுவிடுகிறேன்.

முதலில் இட்லி. காலை 7 மணிக்குக் கதவைத் திறந்தவுடன் வாங்கினால் இட்லி நன்றாகவே இருக்கிறது. ஆவி பறக்கத் தட்டில் விழுகிறது, விரலால் அழுத்தினால் அமுங்கி எழுகிறது. பத்து நிமிடம் கழித்து அதே இட்லி இறுகத் தொடங்கும். மாவில் உளுந்து குறைவு என்பதை வீட்டில் மாவு அரைக்கிற எந்தப் பெண்ணும் முதல் வாயிலேயே கண்டுபிடித்துவிடுவாள். உளுந்து கிலோ நூறு ரூபாயைத் தாண்டி வெகு காலமாகிறது என்பதை அதை விற்கிற எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே குறைவு ஏன் என்று புரிகிறது. அரிசியில் குறை சொல்ல முடியாது. கல் இல்லை, வாடை இல்லை. சட்னி கிடையாது, சாம்பார் மட்டும்தான். அந்தச் சாம்பார் நீர்த்திருந்தாலும் பச்சை வாசனை போகக் கொதித்திருந்தது, பெருங்காயம் போட்டிருந்தார்கள், கரண்டியை அடிவரை விட்டு அள்ளினால் ஒரு துண்டு முள்ளங்கியும் அகப்பட்டது. நான் போன அன்று கரண்டி பிடித்திருந்த பெண் எல்லோருக்கும் அடியிலிருந்துதான் அள்ளிப் போட்டார். இதைச் சிறிய விஷயமாக நினைக்க வேண்டாம். பந்தியில் பரிமாறுகிறவர் மேலாக அள்ளுகிறாரா, அடியிலிருந்து அள்ளுகிறாரா என்பதை வைத்தே அந்த வீட்டு மனிதர்களை எடைபோட்டுப் பழகிய ஊர் இது.

பொங்கல்தான் இங்கே முதல் தரம். நெய்யை எதிர்பார்த்துப் போகிறவர்கள் ஏமாறுவார்கள், ஆனால் அரிசியும் பருப்பும் குழைந்து ஒன்றாகியிருக்கின்றன, மிளகு முழுதாகக் கண்ணில் படுகிறது, உப்பு சரியாக இருக்கிறது. 5 ரூபாய்க்குக் கொடுக்கும் அளவு, உடலுழைப்பு இல்லாத ஒருவருக்கு மதியம்வரை தாங்கும். மதியச் சாம்பார் சாதத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. காய் குறைவு, காரம் அதிகம், சூடு இருந்தது. தயிர் சாதம் 1 மணிவரை புளிப்பேறாமல் இருந்தது, அதற்குப் பிறகு எப்படி இருந்தது என்று பார்க்க நான் நிற்கவில்லை. இரவுச் சப்பாத்தி தடிமன். பருப்பைத் தொட்டுச் சூட்டோடு சாப்பிட்டால் பசிக்கு இறங்கிவிடும், ஆறிவிட்டால் என் வயதுப் பற்களுக்கு அது வேலை வைக்கிறது.

தட்டுகள் எவர்சில்வர், கழுவி வெந்நீரில் அலசி அடுக்கியிருந்தார்கள். நின்றுகொண்டே சாப்பிடும் மேசைகள்தான். முழங்கால் வலிக்காரர்களுக்காக ஒரு சுவரோரமாக நீளத் திண்ணை ஒன்றைக் கட்டிவிட்டிருந்தால் எவ்வளவோ உபகாரமாக இருந்திருக்கும் என்று அன்று என் முழங்கால் எனக்கு மூன்று வேளையும் சொன்னது. இந்த இடத்தில் ஓர் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். எங்கள் வார்டுக்கு உணவகம் வந்தபோது, இடம் பார்க்க வந்த பொறியாளரோடு நானும் நடந்தேன். அடுப்பு எங்கே, சாக்கடை இணைப்பு எங்கே, வரிசை வெயிலில் நிற்குமா என்றெல்லாம் கேட்டேன். உட்கார இடம் எங்கே என்று கேட்கத் தோன்றவில்லை. அப்போது எனக்கு முழங்கால் வலி இல்லை.

இந்த உணவகங்கள் தொடங்கிய கதை பலருக்கு மறந்திருக்கலாம். 2013 பிப்ரவரி 19 அன்று சாந்தோமில் அன்றைய முதலமைச்சர் ஜெயலலிதா முதல் உணவகத்தைத் திறந்து வைத்தார். மாநகராட்சியின் 200 வார்டுகளுக்கும் வார்டுக்கு ஒன்று என்று பரவி, பிறகு இரண்டாகி, அரசு மருத்துவமனை வளாகங்களுக்குள்ளும் நுழைந்து, எண்ணிக்கை 400-ஐத் தாண்டியது. பிற மாநகராட்சிகளுக்கும் போயிற்று. சமைப்பதும் பரிமாறுவதும் மகளிர் சுயஉதவிக் குழுப் பெண்கள். அந்தப் பெண்களைத் தேர்ந்தெடுத்த நாட்களில் என் வீட்டு வாசலில் விடியற்காலையிலேயே கூட்டம் நிற்கும். நான் பரிந்துரைத்தவர்களில் மூன்று பேர் என் சொந்தத் தெருக்காரர்கள் என்று அப்போது பேச்சு எழுந்தது; பேச்சு உண்மைதான். அவர்களில் இருவர் இன்றும் அங்கே வேலை செய்கிறார்கள் என்பதை என் தரப்பு வாதமாக வைத்துக்கொள்ளலாம்.

சாப்பாட்டைப் பற்றி இவ்வளவு நுணுக்கமாக எழுதுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அன்று காலை இட்லி இறுகுகிறதே என்று நான் வாய்விட்டுச் சொன்னபோது, பக்கத்து மேசையில் நின்ற ஒருவர், சுமார் ஐம்பது வயதிருக்கும், மூட்டை தூக்குகிறவர் போல் தோளில் துண்டு போட்டிருந்தார், என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, “ஒரு ரூபாய்க்கு வேற என்னம்மா வேணும்?” என்று கேட்டார். பரிமாறிய பெண்கள் அப்படிக் கேட்கவில்லை, அவர்கள் என் முகத்தைப் பார்க்கவும் தயங்கினார்கள். கேட்டவர் சாப்பிட வந்தவர். அந்தக் கேள்வியிலிருந்து அன்று முழுவதும் என்னால் மீள முடியவில்லை.

ஐந்து ஆண்டுகள் மக்கள் குறைகளைக் கேட்டுப் பழகியவள் என்ற முறையில் சொல்கிறேன். கட்டணம் எதுவும் கட்டாமல் பெறுகிற தெருவிளக்குக்காக நள்ளிரவில் என் வீட்டுக் கதவைத் தட்டி உரிமையோடு சண்டை போட்டவர்கள் உண்டு. குடிநீர் லாரி அரை மணி நேரம் தாமதமானால் குடத்தோடு மறியலுக்கு வந்தவர்கள் உண்டு. அதே மக்கள், தங்கள் கையிலிருந்து காசு கொடுத்து டோக்கன் வாங்கிச் சாப்பிடும் இட்லியைப் பற்றி ஒரு நாளும் என்னிடம் புகார் சொன்னதில்லை. அது சிறப்பாக இருந்ததால் சொல்லவில்லை என்று அப்போது நான் பெருமையோடு நினைத்துக்கொண்டிருந்தேன். விலை மலிவாக இருப்பதாலேயே குறை சொல்லும் தகுதி தனக்கு இல்லை என்று அவர்கள் முடிவுசெய்துவிட்டார்கள் என்பது இப்போதுதான் எனக்கு விளங்குகிறது. நூறு ரூபாய் தோசையில் ஒரு பக்கம் கருகியிருந்தால் கைப்பேசியில் படம் பிடித்து நட்சத்திரம் குறைக்கிற காலத்தில், ஒரு நட்சத்திரத்தைக் குறைக்கக்கூட யாரும் வராத கடையாக இது நின்றுகொண்டிருக்கிறது.

இலவசமாகக் கொடுக்காமல் ஒரு ரூபாய் என்று விலை வைத்ததில் ஓர் அருமை இருந்தது. 2015 டிசம்பர் வெள்ளத்தின்போதும் 2020 ஊரடங்கின்போதும் இந்த உணவகங்களில் விலையில்லாமல் உணவு கொடுத்தார்கள். எத்தனையோ பேரின் வயிற்றை அது காத்தது. ஆனால் வெள்ளத்தின்போது நான் கண்ணால் பார்த்த ஒன்று உண்டு: வழக்கமாகத் தலை நிமிர்ந்து டோக்கன் வாங்குகிற ஒரு பெரியவர், விலையில்லாத அந்த நாட்களில் வரிசையில் நிற்கக் கூச்சப்பட்டு, கூட்டம் குறையட்டும் என்று எதிர்த் தெருவில் நின்றிருந்தார். காசு கொடுக்கும்போது அவர் வாடிக்கையாளர். அந்த ஒற்றை நாணயம் அவருக்குக் கொடுத்த நிமிர்வை மதிக்கிறவர்கள், அதே நாணயத்துக்கு உரிய மற்றொன்றையும், அதாவது இட்லி சரியில்லை என்று சொல்லும் உரிமையையும், சேர்த்தே கொடுத்திருக்க வேண்டும். டோக்கன் கொடுக்கிற சன்னலுக்குப் பக்கத்தில் நூலில் கட்டிய ஒரு நோட்டுப் புத்தகமும் ஒரு பேனாவும் போதும். நான் போன இடத்தில் அது கண்ணில் படவில்லை. என் பதவிக்காலத்தில் நானும் அதை வைக்கச் சொல்லவில்லை.

விலையை ஏற்றினால் தரம் கூடும் என்கிறவர்கள் உண்டு. எங்கள் கடைக்கு வருகிற ஓய்வுபெற்ற வங்கி ஊழியர் ஒருவர், இட்லியை இரண்டு ரூபாய் ஆக்கினால் யார் செத்துப்போவார்கள் என்று மாதம் ஒரு முறையாவது கேட்கிறார். யாரும் சாகமாட்டார்கள்தான். பெங்களூருவில் 2017-இல் இந்திரா கேன்டீன் தொடங்கியபோதே காலைச் சிற்றுண்டி 5 ரூபாய், சாப்பாடு 10 ரூபாய் என்றுதான் வைத்தார்கள், அங்கும் கூட்டம் வரத்தான் செய்தது. ஆனால் இங்கே 2013-இல் வைத்த விலை இத்தனை ஆண்டுகளாக நகராமல் நிற்பதற்குக் காரணம் ஏழைகளின் மேல் உள்ள பரிவு மட்டும்தான் என்று நான் நம்பவில்லை. விலையை முதலில் ஏற்றிய கட்சி என்ற பேரை எடுக்க யாருக்கும் துணிச்சல் இல்லை. அப்பேர்ப்பட்ட கூட்டங்களில் உட்கார்ந்து வந்தவள் என்பதால் இதைச் சற்று உறுதியாகவே சொல்கிறேன். என் கருத்தில் இட்லியின் விலை ஒரு ரூபாயாகவே இருக்கட்டும். உளுந்துக்கு ஒதுக்கும் பணத்தை அந்தந்த ஆண்டு விலைவாசியைப் பார்த்து ஒதுக்கினால் போதும். சாப்பிடுகிறவரிடம் வாங்கும் காசும் சமைப்பதற்குச் செலவிடும் காசும் தனித்தனிக் கணக்குகள் என்பது மளிகைக் கடைக்காரிக்கே தெரியும்போது, பட்ஜெட் போடுகிறவர்களுக்குத் தெரியாமலா இருக்கும்?

பணம் ஒதுக்கவே இல்லை என்று சொல்வதும் நியாயமாகாது. 2024 ஜூலையில் முதலமைச்சர் ஸ்டாலின் தேனாம்பேட்டையில் உள்ள அம்மா உணவகத்தில் நேரில் ஆய்வு செய்து, இந்த உணவகங்களைச் சீரமைக்க 21 கோடி ரூபாய் ஒதுக்க உத்தரவிட்டார். அதில் 7 கோடி புதிய பாத்திரங்களுக்கும் கருவிகளுக்கும், 14 கோடி கட்டடங்களைப் புதுப்பிக்கவும் என்று அறிவிப்பு வந்தது. நான் சாப்பிட்ட இடத்தில் தரையில் புதிய ஓடு பதித்திருக்கிறார்கள், சுவர் வெள்ளையடித்துத் துப்புரவாக இருக்கிறது. ஆட்சி மாறினால் முந்தைய ஆட்சியின் திட்டத்துக்குப் பூட்டுப் போடுவது நம் நாட்டில் வழக்கம் என்பதை நினைத்தால் இதன் அருமை புரியும். ஆந்திரத்தில் 2018-இல் திறந்த அண்ணா கேன்டீன்கள் 2019-இல் ஆட்சி மாறியவுடன் மூடப்பட்டு, மீண்டும் ஆட்சி மாறிய பிறகு 2024 ஆகஸ்டில்தான் திறந்தன. இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளில் அங்கே சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எங்கே போனார்கள் என்று கேட்பார் இல்லை. இங்கே 2021 மே மாதம், தேர்தல் முடிவு வந்த சூட்டில், முகப்பேரில் ஓர் உணவகத்தின் பெயர்ப் பலகையைச் சிலர் பிடுங்கி எறிந்தார்கள். வென்ற கட்சியின் தலைமையே அவர்களைக் கட்சியைவிட்டு நீக்கி, பலகையை மறுபடி மாட்ட வைத்தது. அந்த ஒரு முடிவுக்காக இரு பக்கத்துக் கட்சிக்காரர்களிடமும் நான் பலமுறை வாதாடியிருக்கிறேன். பலகையில் யார் பேர் இருந்தாலும் சட்டியில் சாம்பார் இருந்தால் சரி.

சமைக்கிற பெண்களின் கூலிதான் என்னை உறுத்துகிறது. பல ஆண்டுகள் ஒரு நாளைக்கு 300 ரூபாயாக இருந்தது, 2024-இல் 325 ரூபாய் ஆயிற்று. மாதம் 26 நாள் வேலை என்று வைத்துக்கொண்டால் 8,450 ரூபாய். அந்தப் பணத்தில் சென்னையில் ஓர் அறை, ஒரு சமையலறை உள்ள வீட்டுக்கு வாடகை கொடுத்துவிட்டு மிச்சத்தில் குடும்பம் நடத்தச் சொன்னால், பட்ஜெட் போடத் தெரிந்த எவருக்கும் தலை சுற்றும். காலைப் பணிக்கு வருகிறவர்கள் விடியும் முன்பே அடுப்பை மூட்டியாக வேண்டும். என் தெருக்காரப் பெண்ணிடம், எப்படிச் சமாளிக்கிறாய் என்று கேட்டேன். “பஸ்ஸுல டிக்கெட் காசு கிடையாதுக்கா, மாசம் ஆயிரம் உரிமைத்தொகை வருது, ரெண்டையும் கூலியோட சேத்துக்கிட்டாத்தான் ஓடுது” என்றாள். 2021-இல் வந்த மகளிர் கட்டணமில்லாப் பேருந்தும், 2023-இல் வந்த உரிமைத்தொகையும், 2013-இல் வந்த உணவகத்தின் கூலியும் ஒன்றன் ஓட்டையை மற்றொன்று அடைத்துக்கொண்டு அவள் வீட்டில் உலை கொதிக்கிறது. தொலைக்காட்சியில் இரவு எட்டு மணிக்கு உட்கார்ந்து இலவசங்களைப் பற்றி விவாதிக்கிறவர்கள், அரசாங்கமே கொடுக்கிற கூலி ஏன் போதவில்லை என்பதிலிருந்து அந்த விவாதத்தைத் தொடங்கலாம்.

மாநகராட்சி உறுப்பினர்களுக்கு 2023-இல்தான் மாதம் 10,000 ரூபாய் மதிப்பூதியம் அறிவித்தார்கள். என் காலத்தில் கூட்டப்படி மட்டும்தான். பத்தாயிரம் போதாது என்று இப்போதைய உறுப்பினர் ஒருவர் என்னிடம் குறைப்பட்டுக்கொண்டபோது, விடியற்காலையில் அடுப்பு மூட்டுகிறவருக்கு 8,450 என்று அவருக்கு நினைவூட்டினேன். பேச்சை வேறு பக்கம் திருப்பிவிட்டார். மற்றபடி அவர் நல்லவர்.

இந்த உணவகங்களின் தரம் இடையில் தேய்ந்ததற்கு ஒரு காரணத்தை யாரும் சேர்த்துப் பேசுவதில்லை. எங்கள் மாமன்றத்தின் காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அடுத்த தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரி 19 அன்று. சாந்தோமில் முதல் உணவகம் திறந்து சரியாக ஒன்பது ஆண்டுகள் கழித்து, அதே தேதியில். இடைப்பட்ட ஐந்தேகால் ஆண்டுகளுக்கு மேல் சென்னையில் வார்டு உறுப்பினரே கிடையாது. ஆணையரும் அதிகாரிகளும் தங்களால் ஆனதைச் செய்திருப்பார்கள், ஆனால் அரவை இயந்திரம் பழுதாகி இட்லி கல்லாகிப்போனால் அதிகாலையில் போய் ஒரு ஆணையரின் வீட்டுக் கதவைத் தட்ட முடியாது. கவுன்சிலர் வீட்டுக் கதவைத் தட்டலாம். அந்த ஆண்டுகளிலும் பழக்க தோஷத்தில் பலர் என் வீட்டுக்கே வந்தார்கள். பதவி இல்லாத நான் மனு எழுதிக் கொடுத்து மண்டல அலுவலகத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன். அவற்றில் உணவகத்தைப் பற்றிய மனு ஒன்றே ஒன்று. எழுதச் சொன்னவர் சாப்பிடுகிறவர் அல்லர், கைகழுவும் தண்ணீர் தேங்கித் தன் கடை வாசலுக்கு வருகிறது என்று சொன்ன பக்கத்துக் கடைக்காரர்.

அன்று மூன்று வேளையும் யார் யார் வந்தார்கள் என்பதையும் கவனித்தேன். காலையில் தூய்மைப் பணியாளர்கள், ஆட்டோ ஓட்டுநர்கள், தனியாக வாழும் முதியவர்கள். மதியம் இரண்டு கல்லூரி மாணவர்கள். அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டே வேகமாகச் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். அவர்களுடைய கூச்சம் இன்னும் இரண்டு மூன்று முறை வந்தால் போய்விடும். இரவில் பாதிக்கு மேல் பீகார், ஒடிசா, வங்கம் என்று வெளிமாநிலங்களிலிருந்து கட்டட வேலைக்கு வந்த பையன்கள். சப்பாத்தி தடிமனாக இருக்கிறது என்று நான் குறைப்பட்டேன் அல்லவா, அவர்களில் ஒருவன் அதைச் சுருட்டிப் பருப்பில் தோய்த்து, ஊர் ஞாபகம் வந்ததுபோல நிதானமாக மென்றுகொண்டிருந்தான். வெளிமாநிலத்தவர் வருகையைப் பற்றி மேடையில் வீராவேசமாகப் பேசுகிறவர்களோடு எனக்குச் சில விஷயங்களில் உடன்பாடு உண்டு, சிலவற்றில் கிடையாது. ஆனால் மதியம்வரை சாரத்தில் நின்று செங்கல் அடுக்கியவன் இரவில் 6 ரூபாய்க்கு வயிறு நிறைவதில் எனக்கு எந்த மாற்றுக் கருத்தும் இல்லை. உணவு கொண்டுபோய்க் கொடுக்கும் நிறுவனங்களின் சட்டை போட்ட இளைஞர்கள் மூவரும் வந்திருந்தார்கள். முதுகுப் பையில் யாருக்கோ போக வேண்டிய பிரியாணி சூடாக இருக்க, அவசர அவசரமாகச் சப்பாத்தியை விழுங்கிவிட்டு ஓடினார்கள்.

வரிசை பெரிதாக இருந்தாலும் வேகமாக நகர்கிறது. காலையில் எனக்கு டோக்கன் கிடைக்க ஏழு நிமிடம் ஆயிற்று. பொட்டலம் கட்டிக் கொடுப்பதில்லை, அங்கேயே சாப்பிட வேண்டும். மொத்தமாக வாங்கி வெளியே விற்கிறவர்களைத் தடுக்க வைத்த விதி அது, எனக்கு அதில் முழு உடன்பாடு. படுத்த படுக்கையாக இருக்கிறவருக்கு வாங்கிப் போக வருகிறவரிடம் மட்டும் கொஞ்சம் கண்டும் காணாமல் இருக்கலாம். இட்லிக்கு ஏழரை மணிக்குள் போய்விடுங்கள். பொங்கல் எட்டரைக்குத் தீர்ந்துவிடுகிறது. மதியம் தயிர் சாதம் வேண்டுமானால் ஒரு மணிக்கு முன்பே போவது நல்லது. இரவில் சப்பாத்தி கல்லிலிருந்து இறங்குகிற நேரம் பார்த்து வரிசையில் நின்றால், நான் சொன்ன தடிமன் அவ்வளவாக உறுத்தாது. சில்லறையாக எடுத்துப் போங்கள். நான் நீட்டிய 500 ரூபாய் நோட்டைப் பார்த்து டோக்கன் கொடுக்கும் பெண் முதல்முறையாக என்னிடம் குரலை உயர்த்தினாள். “என்ன கவுன்சிலரம்மா, நாலு இட்லிக்கு ஐந்நூறா?”